முள்ளெலியின் வயிற்றில் கட்டி: படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?



செல்லப்பிராணி என்றதும் நாய், பூனை, கிளி, மீன் ஆகியவைதாம் பலருக்கும் நினைவில் வரும். அவற்றுக்கு உடல் நலமில்லை என்றால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது, மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் ஓரளவுக்குத் தெரிந்த கதை. ஆனால், உள்ளங்கையில் அடங்கிவிடும் முள்ளெலிக்கு வயிறு வீங்கினால் என்ன செய்வது? தொட்டவுடன் சுருண்டு முள்பந்தாகிவிடும் பிராணியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

இன்றைய உரையின் பொருள் அதுதான். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஆகிய மூன்றும் முள்ளெலியின் வயிற்றுக் கட்டியை எப்படிக் காட்டுகின்றன, அந்தப் படங்களை வைத்து எந்த முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. ஒரு சாரார், "இத்தனை சின்னப் பிராணிக்கு என்ன வைத்தியம் பார்ப்பது? போகிற வரைக்கும் போகட்டும்" என்று கைவிட்டுவிடுகின்றனர். இன்னொரு சாரார், "ஏதோ கிருமியாக இருக்கும்" என்று மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து நாளைக் கடத்துகின்றனர். இரண்டு வழியிலும் இழப்பு அந்தப் பிராணிக்குத்தான். நேரத்தோடு எடுக்கும் ஒரு படம் இந்த இரண்டு தவறுகளையும் தடுக்கக்கூடும்.

முள்ளம்பன்றி வேறு, முள்ளெலி வேறு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காட்டில் நீண்ட முட்களைச் சிலிர்த்துக்கொண்டு திரியும் பெரிய விலங்கு முள்ளம்பன்றி. அது மரக்கட்டையையும் கிழங்கையும் கடித்துத் தின்னும் கொறிவிலங்கு. முள்ளெலி அதன் உறவே அல்ல. பெயரில் எலி இருந்தாலும் அது எலியும் அல்ல. பூச்சிகளையும் புழுக்களையும் தின்னும் தனிக் குடும்பம். மலாய் மொழியில் முள்ளம்பன்றியை 'லண்டாக்' என்பார்கள். அதனால்தான் கடைகளில் இந்தச் சிறு பிராணிக்கு 'லண்டாக் மினி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. தமிழகத்தின் வறண்ட தென் மாவட்டங்களில் இன்னொரு வகை முள்ளெலி காட்டுயிராக வாழ்வதால், இச்சொல் நமக்குப் புதியதும் அல்ல.

வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்க முள்ளெலி. அறிவியல் பெயர் 'அடெலெரிக்ஸ் ஆல்பிவென்ட்ரிஸ்'. ஆல்பிவென்ட்ரிஸ் என்றால் வெண்ணிற வயிறு உடையது என்று பொருள். முதுகு முழுவதும் முட்கள். வயிற்றிலோ மென்மையான வெள்ளை முடி. இந்த வெள்ளை வயிற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது மிகவும் உதவப் போகிறது.

1980களில் அமெரிக்காவில் இவற்றை வீட்டில் வளர்க்கும் பழக்கம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அங்கு இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன்பின் மனிதர் கையில் பிறந்து வளர்ந்தவையே அங்கு விற்பனைக்கு வந்தன. எல்லா இடத்திலும் இவற்றை வளர்க்க அனுமதி இல்லை. சிங்கப்பூரில் முள்ளெலியைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியா, ஹவாய் போன்ற மாநிலங்கள் தடை செய்துள்ளன. ஆகவே, வாங்க நினைப்பவர் முதலில் தம் ஊர் விதியைக் கேட்டறிய வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர் அடுத்து வரும் செய்திகளைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

எண்கள் சொல்லும் உண்மை

வளர்ப்பு முள்ளெலிகளுக்குக் கட்டி நோய் அரிதானது அல்ல. அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் சூபேத் என்னும் விலங்கு நோயியல் ஆய்வகம் 1994 முதல் 1999 வரை தன்னிடம் வந்த 66 ஆப்பிரிக்க முள்ளெலிகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. அவற்றில் 35-க்குக் கட்டி இருந்தது. அதாவது 53 விழுக்காடு. சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கட்டிகள் இருந்ததால் மொத்தம் 40 கட்டிகள். அந்த 40-இல் 34 தீய கட்டிகள், அதாவது புற்றுநோய். ரேமண்ட், கார்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர்.

இந்த எண்களைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பப்படுபவை நோயுற்றவையும் இறந்தவையுமே. நலமாக ஓடி விளையாடும் முள்ளெலியை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை. ஆகவே, 'வீட்டில் வளரும் முள்ளெலிகளில் பாதிக்குப் புற்றுநோய்' என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆனால், நடுவயதைக் கடந்த முள்ளெலி ஒன்று மெலிந்தாலோ வயிறு பெருத்தாலோ, கட்டியாக இருக்கலாம் என்ற ஐயம் முதல் நாளிலேயே எழ வேண்டும். வீட்டில் இவற்றின் ஆயுள் பெரும்பாலும் 4 முதல் 6 ஆண்டுகள்தாம். மூன்று வயதென்றால் பாதி வாழ்வு கழிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முதல் கருவி சமையலறையில் இருக்கிறது

முள்ளெலி இரவில் விழித்திருக்கும்; நாம் உறங்கும்போது அது சுற்றும். காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் சிறு விலங்கு வேறொன்றுக்கு இரையாகிவிடும். அதனால் வலியை மறைப்பது அதன் இயல்பு. வயிற்றைத் தடவிப் பார்க்கலாம் என்றால் சுருண்டுவிடுகிறது. பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது?

மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று போதும். வாரம் ஒருமுறை, ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்து, எடையை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வளர்ந்த முள்ளெலியின் எடை ஏறத்தாழ 300 முதல் 600 கிராம். 400 கிராம் உள்ள ஒன்று 40 கிராம் குறைந்தால், அது 60 கிலோ மனிதர் 6 கிலோ குறைந்ததற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றம் தராசுக்குத் தெரியும். எடை குறையாமலும் ஏமாற்றலாம். உடல் மெலிய மெலிய, வயிற்றில் கட்டியோ நீரோ பெருகினால் தராசு அதே எண்ணைக் காட்டும். ஆகவே, எடையோடு உருவத்தையும் பாருங்கள். முதுகும் இடுப்பும் ஒட்டிப்போய் வயிறு மட்டும் பேரிக்காய் போல் இருந்தால் அது கொழுப்பு அல்ல.

உணவு குறைதல், இரவில் சக்கரத்தில் ஓடாதிருத்தல், வாந்தி, மலத்தின் நிறமாற்றம், முழுதாகச் சுருள முடியாமை ஆகியவையும் அடையாளங்களே. ஒரு சிறு எச்சரிக்கை: ஆண் முள்ளெலியின் வயிற்றின் நடுவில், தொப்புள் போன்ற இடத்தில், ஒரு சிறு புடைப்பு இருக்கும். அது அதன் பிறப்புறுப்பின் உறை. அதைக் கட்டி என்று எண்ணிப் பதறி ஓடிவருபவர்கள் உண்டு.

சிறுநீரில் இரத்தமா, கருப்பையா?

இந்த உரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் முள்ளெலியின் விரிப்புத் துணியில் இரத்தக் கறை தெரிகிறது. பலரும் முதலில் நினைப்பது சிறுநீர்ப்பைத் தொற்று. மருந்து தரப்படுகிறது. இரண்டு நாள் கறை இல்லை; 'குணமாகிவிட்டது' என்று மனம் ஆறுகிறது. பத்து நாள் கழித்து மீண்டும் கறை, மீண்டும் மருந்து. இப்படியே வாரங்கள் ஓடிவிடும்.

உண்மை என்ன? முள்ளெலிக்கு மாதவிலக்கு கிடையாது. வளர்ந்த பெண் முள்ளெலியின் சிறுநீரோடு வரும் இரத்தம் பல நேரங்களில் சிறுநீர்ப்பையிலிருந்து வருவதில்லை, கருப்பையிலிருந்து வருகிறது. கருப்பையில் சதை வளர்ச்சியும் கட்டியும் இவ்வினத்தில் அடிக்கடி காணப்படுபவை. கட்டி விட்டு விட்டு இரத்தம் கசியும் இயல்புடையது. கறை நின்றதற்கு மருந்து காரணமாக இல்லாமலே போகலாம்.

பாலூட்டிகளின் உடல் எடையில் பொதுவாக 6 முதல் 8 விழுக்காடு இரத்தம். 400 கிராம் முள்ளெலிக்கு மொத்தமே ஐந்தாறு தேக்கரண்டிதான். அதில் ஒரு தேக்கரண்டி போனாலும் அது பெரிய இழப்பு. இந்தக் கட்டிகளில் பலவற்றைக் கருப்பையோடும் சூலகத்தோடும் சேர்த்து அகற்ற முடியும். நேரத்தோடு பார்த்தால் பிழைக்க வாய்ப்புள்ள ஓர் உயிர், தொற்று என்ற ஊகத்தால் அந்த வாய்ப்பை இழக்கிறது. முதல் வாரத்திலேயே ஒரு படம் எடுத்திருந்தால் அந்த ஊகம் அன்றே உடைந்திருக்கும்.

எக்ஸ்ரே: நிழலைப் படித்தல்

மருத்துவமனையில் முதலில் நடப்பது மயக்கம் கொடுத்தல். அதைக் கேட்டதும் பலர் அஞ்சுகின்றனர். ஆனால், சுருண்ட முள்ளெலியை வலுவில் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. ஒரு சிறு பெட்டியில் வைத்து ஐசோஃபுளுரேன் போன்ற மயக்க வாயுவைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் உடல் தளர்ந்து விரியும். அப்போதுதான் மருத்துவரின் விரல் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியும். அந்த வேளையில் உடல் சூடு குறையாமல் காப்பது முக்கியம். முள்ளெலியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 36 பாகை. நாய் பூனையைவிடக் குறைவு. குளிர்சாதன அறையில் அது எளிதில் குளிர்ந்துவிடும். வெப்பத் திண்டு தேவை.

எக்ஸ்ரே கதிரை 1895-இல் ஜெர்மனியின் ரோண்ட்ஜென் கண்டறிந்தார். அடிப்படையில் அது ஒரு நிழற்படம். எலும்பு வெண்மையாகவும், காற்று கருமையாகவும், கொழுப்பும் சதையும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களாகவும் தெரியும். சுவரில் விழும் நிழலை வைத்து ஒரு பொருளின் முழு வடிவத்தைச் சொல்ல முடியாது. எனவே, பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று எனக் குறைந்தது இரண்டு படங்கள் எடுக்கப்படும். முள்ளெலிக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஆயிரக்கணக்கான முட்கள் கோடு கோடாகப் படத்தின் மேல் விழுந்து உள்ளிருப்பதை மறைக்கும். அதனால் முதுகுத் தோலைக் கிளிப் போட்டு மேலே இழுத்துவைத்துப் பக்கவாட்டுப் படம் எடுப்பார்கள்.

எக்ஸ்ரேயில் கட்டி நேரடியாகத் தெரிவது குறைவு. அது மற்ற உறுப்புகளைத் தள்ளிவிட்டிருக்கும் விதம்தான் தெரியும். கூட்டமான பேருந்தில் பருத்த ஒருவர் ஏறினால் மற்றவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்த்தே அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதைப் போல, இரைப்பை பின்னே தள்ளப்பட்டிருந்தால் கல்லீரல் பெருத்திருக்கலாம். சிறுநீர்ப்பைக்கும் பெருங்குடலுக்கும் இடையில் புதிதாக ஏதோ புகுந்து இரண்டையும் பிரித்திருந்தால் கருப்பையின் மேல் ஐயம் விழும். குடல் காற்றால் ஊதியிருந்தால், ரப்பர்த் துண்டோ நூலோ விழுங்கி அடைத்திருக்கலாம். அது கட்டியே அல்ல. சிறுநீர்ப்பைக் கல் வெண்புள்ளியாகத் தெரியலாம். நெஞ்சுப் பகுதியையும் சேர்த்து எடுத்தால், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா, இதயம் பெருத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

ஆனால் வயிற்றில் நீர் கோத்திருந்தால் எக்ஸ்ரே கைவிரித்துவிடும். எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். அங்கே அடுத்த கருவி வருகிறது.

அல்ட்ராசவுண்ட்: எதிரொலியால் பார்த்தல்

பத்துமலைக் குகைகளில் வாழும் வௌவால்கள் இருட்டில் மோதிக்கொள்ளாமல் பறப்பது எதிரொலியால். அல்ட்ராசவுண்டும் அதே வழிதான். மனிதக் காது ஒரு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். சிறு பிராணிகளுக்குப் பயன்படும் கருவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகளில் வேலை செய்கிறது. அதிர்வு கூடக் கூட ஆழம் குறையும், நுணுக்கம் கூடும். முள்ளெலிக்கு ஆழம் தேவையில்லை. சில சென்டிமீட்டர் போதும். நுணுக்கம்தான் தேவை. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பிராணிக்கு ஒரு சென்டிமீட்டர் கட்டி என்பது, 160 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதருக்கு 8 சென்டிமீட்டர் கட்டி.

இந்தக் கருவியின் வரலாறே வயிற்றுக் கட்டியில்தான் தொடங்குகிறது என்றால் வியப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டோனல்ட். கப்பல், கொதிகலன் போன்றவற்றின் இரும்பில் விரிசல் பார்க்கும் ஒலிக் கருவியைப் பற்றி அறிந்து, 1955 ஜூலையில், அறுவையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் தொழிற்சாலையில் வைத்துச் சோதித்தார்கள். நீர்க்கட்டி ஒரு விதமாகவும் சதைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. ஜான் மெக்விக்கர் என்ற மருத்துவரும் டாம் பிரவுன் என்ற பொறியாளரும் அவரோடு உழைத்தனர். 1958 ஜூனில் 'லான்செட்' மருத்துவ இதழில் மூவரும் எழுதிய கட்டுரையின் பொருளே வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் ஆராய்வதுதான்.

அவர்கள் சோதித்தவர்களில் ஒரு பெண், இரைப்பைப் புற்றுநோய் முற்றியவர் என்று கருதப்பட்டவர். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலை. ஆனால், எதிரொலி காட்டியது பெரியதொரு நீர்க்கட்டியை. அறுவை செய்து அதை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். இன்று முள்ளெலியின் வயிற்றில் கருவியை வைக்கும் மருத்துவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: கைவிட வேண்டியதா, எடுத்துவிடக் கூடியதா?

இங்கேதான் அந்த வெள்ளை வயிறு உதவுகிறது. அங்கே முள் இல்லை. முடியைச் சற்று நீக்கி, வெதுவெதுப்பான பசையைத் தடவி, கருவியை வைத்தால் போதும். நீர் கருமையாகத் தெரியும்; சதை சாம்பலாகத் தெரியும். எக்ஸ்ரேயைத் தடுத்த அதே வயிற்று நீர் இங்கே உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் துணையாகிறது. கட்டி எந்த உறுப்பில் முளைத்திருக்கிறது, உள்ளே திண்மையா நீரா, இரத்த ஓட்டம் எப்படி, பக்கத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கியுள்ளனவா என்று பார்க்கலாம். கருப்பையின் சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே சீழோ இரத்தமோ தேங்கியிருக்கிறதா என்றும் தெரியும். சில நேரம் மகிழ்ச்சியான விடையும் வரும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்திருந்தால், 'கட்டி' என்று பயந்தது குட்டிகளின் துடிக்கும் இதயங்களாக இருக்கும். முள்ளெலியின் கர்ப்பகாலம் ஐந்து வாரம்தான்.

குறையும் உண்டு. குடலில் காற்று இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே விடையும் அமையும். நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முள்ளெலியின் இயல்பான பெரிய மண்ணீரலே நோயாகத் தோன்றக்கூடும்.

சி.டி. ஸ்கேன்: வில்லை வில்லையாக

ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டினால் உள்ளே எந்த இடத்தில் திராட்சை இருக்கிறது என்று தெரிந்துவிடும். சி.டி. ஸ்கேன் கத்தியின்றி அதைச் செய்கிறது. சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, கணினி அதை வில்லைகளாகக் கோத்துத் தருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளி 1971-இல் இலண்டனில் படம்பிடிக்கப்பட்டார். 1979-இல் கோர்மாக் என்பவரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முள்ளெலிக்கு இதில் பெரிய நன்மை என்னவென்றால், முட்களின் நிழல் உறுப்புகளின் மேல் விழாது. தலை முதல் வால் வரை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். கட்டி பெரிய இரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா, நுரையீரலில் கடுகளவு புள்ளிகள் உள்ளனவா என்று அறுவைக்கு முன்பே அறியலாம். ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது, மயக்கமும் தேவை. ஆகவே, ஒவ்வொரு முள்ளெலிக்கும் சி.டி. வேண்டும் என்பதில்லை. அல்ட்ராசவுண்டிலேயே கருப்பைக் கட்டி தெளிவாகத் தெரிந்து, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால், பல மருத்துவர்கள் அதோடு அறுவைக்குப் போய்விடுவார்கள். விடை முடிவை மாற்றும் என்றால் அடுத்த படம் எடுக்கலாம். மாற்றாது என்றால் அது வீண்செலவு.

படம் முகவரி சொல்லும், பெயர் சொல்லாது

இத்தனை கருவிகளைப் பற்றிப் பேசிய பிறகு, அவற்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் படம் சொல்லும். அது புற்றுநோயா, சாதாரணக் கட்டியா என்பதைப் படம் உறுதியாகச் சொல்லாது. வீட்டு முகவரி தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பவர் பெயர் தெரியவில்லை என்ற நிலை அது.

மண்ணீரலையே எடுத்துக்கொள்வோம். அது வீங்கியிருப்பதைப் படம் காட்டுகிறது. நிணநீர்ப் புற்றுநோயாலும் வீங்கலாம். உடலுக்குக் கூடுதல் இரத்த அணுக்கள் தேவைப்பட்டு, மண்ணீரலே அவற்றை உற்பத்தி செய்யத் தொடங்கியதாலும் வீங்கலாம். இரண்டாவது முள்ளெலிகளில் அடிக்கடி காணப்படுவது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். படத்தை மட்டும் பார்த்து, 'புற்றுநோய்தான், வலியில்லாமல் அனுப்பிவிடலாம்' என்று முடிவு செய்தால் அது எவ்வளவு பெரிய தவறு!

பெயரைச் சொல்ல வேண்டியது நுண்ணோக்கி. அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் சில அணுக்களை எடுத்துப் பார்க்கலாம். அதில் இரத்தக் கசிவு அபாயம் உண்டு என்பதால், எந்தக் கட்டியைக் குத்தலாம், எதைத் தொடக் கூடாது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். அறுவை செய்து எடுத்த கட்டியையும் கட்டாயம் திசுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'எடுத்தாகிவிட்டது, இனி எதற்குச் செலவு' என்று விட்டுவிட்டால், அது மீண்டும் வருமா, எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியாமலே போய்விடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

படம் எடுத்து முடிந்ததும் பலர் கேட்கும் ஒரே கேள்வி, "பிழைக்குமா?" என்பது. அதற்கு எந்த மருத்துவரும் உடனே பதில் சொல்ல முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் நான்கு உண்டு. கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது? வேறு இடத்துக்குப் பரவியதற்கு அடையாளம் தெரிகிறதா? அறுவையையும் மயக்கத்தையும் தாங்கும் உடல் நிலையில் இருக்கிறதா? அறுவை செய்யாவிட்டால் வரும் வாரங்கள் எப்படி இருக்கும்? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் முடிவு தானாகவே தெளிவாகும். முள்ளெலிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். எடை குறித்துவைத்த நாட்காட்டியையும், இரவில் அது நடக்கும் விதத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையும் கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

சில நேரங்களில் படம் நல்ல செய்தி தராது. கல்லீரல் முழுதும் புள்ளிகள், நுரையீரலிலும் பரவல் என்று தெரிந்தால், அறுவை அந்தப் பிராணிக்குத் துன்பத்தைத்தான் கூட்டும். அப்போது வலி தணிக்கும் மருந்து, பிடித்த உணவு, வெதுவெதுப்பான கூடு என்று எஞ்சிய நாள்களை இதமாக்குவதும் வைத்தியம்தான். உண்ணவும் நடக்கவும் முடியாத நிலை வந்தபின், வலியில்லாத முடிவைப் பற்றி மருத்துவரோடு பேசுவதும் அன்பின் ஒரு வடிவமே. அந்த முடிவை ஊகத்தில் எடுப்பதற்கும் தெரிந்து எடுப்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. பின்னாளில் மனத்தை அரிக்கும் 'பார்த்திருக்கலாமோ' என்ற எண்ணத்துக்கு அங்கே இடமிருக்காது.

செலவைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். கடையில் கொடுத்த விலையைவிட ஒருநாள் மருத்துவச் செலவு பல மடங்கு ஆகலாம். "இருபது நாள் சம்பளத்தை ஓர் எலிக்குக் கொட்டுவதா?" என்று உறவினர்கள் கேலி செய்யலாம். எல்லாக் குடும்பத்தாலும் எல்லாச் சோதனையும் செய்ய முடியாது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கையில் உள்ள தொகையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, "இதற்குள் எந்த ஒரு சோதனை எங்களுக்கு அதிகம் உதவும்?" என்று கேட்கலாம். இரத்தக் கறையோடு வரும் பெண் முள்ளெலிக்கு அந்த ஒரு சோதனை பெரும்பாலும் அல்ட்ராசவுண்டாக இருக்கும். மாதக்கணக்கில் மருந்து வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது மிச்சமாகவும் அமையலாம். இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிவிடுவது நல்லதா என்பதையும் மருத்துவரோடு கலந்து பேசலாம். கருப்பைக் கட்டியைத் தவிர்க்கச் சிலர் அதைப் பரிந்துரைக்கின்றனர்.

முள்ளெலி தன் முட்களால் பகைவரைத் தடுத்துவிடும். உள்ளே வளரும் கட்டியை அதனால் தடுக்க முடியாது. வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அதற்காகப் பேச வேண்டியவர் அதை வளர்ப்பவர்தான். இன்றிரவு அது விழித்து எழும்போது, சமையலறைத் தராசை எடுத்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எண்ணைக் குறித்துவையுங்கள். அடுத்த வாரமும் நிறுங்கள். எடை குறைந்தாலோ கறை தெரிந்தாலோ, மருந்துக்கு முன் படம் என்பதை மறவாதீர்கள்.